நீலப் பீளை

சீசரின் கண்ணில் வழியும் பீளை நீலமாக இருக்கிறது என்று முதலில் சொன்னது கிறிஸ்டினா இல்லை, பக்கத்து வீட்டு மோகனா. கம்பெனி பஸ் கூட்ரோட்டில் இறக்கிவிட்டு, சாப்பாட்டுப் பையும் கையுமாக கிறிஸ்டினா சந்துக்குள் நுழைந்தபோது மணி ஏழே கால். மோகனா எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, காலி வாளியோடு அவளுக்காகவே நின்றிருந்தாள்.

"அக்கா, நாய்க் கண்ணைப் பார்த்தியா? நீலமா வழியுது."

"நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு."

"முந்தாநேத்து?"

"முந்தாநேத்தும் இப்படித்தான்."

மோகனா எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. "பீளை வரும்க்கா, இல்லைங்கல. எங்க எருமைக்கே வருது. நீலமா எங்க வரும்? நான் பட்டப்பகல்ல பார்த்தேன். நீ எப்பவும் இருட்டுல பார்க்கறே" என்றாள். பிறகு மூக்கைச் சுளித்து, "உங்க ஊட்டாண்ட தோல் நாத்தமும் ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள்.

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் நாற்றம் ஜாஸ்தி என்று சொல்வது கடற்கரையில் நின்றுகொண்டு காற்று உப்பாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான். சீசர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கயிறு எவ்வளவு தூரம் விடுமோ அவ்வளவு தூரம் வீட்டை விட்டுத் தள்ளிப் படுத்திருந்தது. செம்மண் நிறத்தில் ஒரு சாதாரண நாட்டு நாய். அவளைக் கண்டு வாலை ஒருமுறை தரையில் தட்டியது, அவ்வளவுதான்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும் பஞ்சும் எடுத்துவந்து வாசல் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ஜெயப்பிரகாஷ் இரண்டு மாதத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தது. நல்ல மனுஷன், பொறுமையாக விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "காலையில கண்ணோரம் பழுப்பா கொஞ்சம் காஞ்சிருந்தா அது நல்லதும்மா, துடைச்சா போயிடும். தண்ணி மாதிரி தெளிவா வந்தா தூசி, காத்து. ரெண்டு நாள் பாருங்க. வெள்ளையா கொழகொழன்னு வந்தா கண்ணு காயுது. மஞ்சள், பச்சைன்னா சீழ், சும்மா விடக்கூடாது. ரத்தம் கலந்தா அன்னிக்கே தூக்கிட்டு வந்துடணும். ஒரு கண்ணுல மட்டும்னா அந்தக் கண்ணுல ஏதோ பட்டிருக்கு. ரெண்டுலயும் வந்தா உடம்புக்குள்ள ஏதோ, இல்லன்னா அது இருக்கற இடத்துல ஏதோ." கடைசியில், "தினமும் கலரைப் பாருங்க. மாறினா போன் பண்ணுங்க" என்றார்.

கலர் பார்ப்பது கிறிஸ்டினாவுக்குப் புதிதில்லை. ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக அதுதான் வேலை. ஒவ்வொரு லாட் தோலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, அட்டையில் ஒட்டி, தேதி எழுதி, கலர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து பாஸ் போடுவாள். வீட்டிலும் அதையே செய்தாள். பழைய காலண்டர் அட்டையில் தினமும் இரண்டு பஞ்சை ஒட்டித் தேதி போட்டாள். அறுபத்து மூன்று நாளாகிவிட்டது. இன்றைய பஞ்சை நேற்றைய பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே மாதிரி இருந்தது. போன் பண்ண ஒன்றுமில்லை.

உள்ளறைக் கதவைத் தள்ளினாள். ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் கணவன் டேனியல் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிட்டீங்களா?"

"உம்."

டிபன் பாக்ஸ் காலியாக இருந்தது. தினமும் காலியாகத்தான் இருக்கும்.

மார்ச் மாதம் அவன் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ண மூன்று பேர் இறங்கினார்கள். தேவசகாயமும் பூவரசனும் பிணமாக வந்தார்கள். டேனியல் மூச்சோடு வந்தான். பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிறிஸ்டினா முழங்கால் போட்டு ஜெபித்துக் கிடந்தாள். நல்லபடியாகக் கொடு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, எப்படியாவது கொடு என்றுதான் கேட்டாள். கொடுத்தாயிற்று. பிள்ளை இல்லை, பிறந்த வீடு இல்லை, இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மனிதன்தான், அவன் உயிரோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். அதற்கு மேல் எதையும் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இட்லி தின்றாலும் மாத்திரை தின்றாலும் வாய்க்கு ஒன்றுபோலத்தான் இருந்தது.

கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். உள்ளறை ஜன்னலைச் சாத்தி, மேலே கோணிச் சாக்கை ஆணி அடித்து மாட்டினாள். கொஞ்ச நாள் என்பது நாலு மாதமாக நீண்டுவிட்டது. திறக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பான். இருட்டில் எழுந்து சமைத்து, இருட்டில் பஸ் ஏறி, இருட்டில் திரும்பி வந்து, அந்த மங்கல் வெளிச்சத்தில் அவன் முதுகைப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறைக்குள் ராத்திரிதான்.

சீசர் அவன் வளர்த்த நாய். முன்பெல்லாம் அவன் காலடியில்தான் தூங்கும். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஓடிவந்து காலை முகர்ந்தது. அப்புறம் வாசல்படி ஏறவே இல்லை. வீட்டைப் பார்த்தபடியே கிடக்கும். கண்ணில் தண்ணீர் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்கு சூப்பர்வைசர் சர்தார் பாஷா அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல், வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலின் வெளிச்சத்தில், இரண்டு தோல் துண்டுகள் கிடந்தன. ஒன்று நல்ல பழுப்பு, இன்னொன்று செங்கல் சிவப்பு.

"இது நாம ஓகே பண்ண ஒரிஜினல். இது நேத்து நீ பாஸ் போட்டது. இன்னாம்மா இது?"

கிறிஸ்டினா பார்த்தாள். குழந்தைக்குக்கூடத் தெரியும் வித்தியாசம்.

"ஒரிஜினலோட வெச்சுப் பார்த்தியா?"

"முந்தின லாட்டோட வெச்சுப் பார்த்தேன் சார்."

"அதான பார்த்தேன். முந்தின லாட்டோட வெச்சா எந்த லாட்டும் பாஸ்தான்மா. தினம் துளித் துளியா மாறும், கண்ணு கூடவே பழகிட்டே போவும். பழகின கண்ணு எதையும் பார்க்காது." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீ இந்த மாதிரி தப்பு பண்ற ஆளே இல்ல. ஊட்டுக்காரரு எப்படிக் கீறாரு?" என்று கேட்டார்.

"அப்படியேதான் இருக்காரு சார். நேத்து மாதிரியே."

சொன்ன வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. மேஜையில் கிடந்த இரண்டு துண்டுகளையும் மறுபடி பார்த்தாள். நாலு மாதத்தில் முதல்முதலாக அவளுக்கு ஏதோ உறைத்தது, அதுவும் பயமாகத்தான் இருந்தது.

"ஊட்டுக்குப் போம்மா. திங்கக்கிழமை வா" என்றார் சர்தார் பாஷா.

ஷேர் ஆட்டோ பிடித்து, வீட்டுச் சந்தில் நுழையும்போது மணி பன்னிரண்டரை. வெயில் சுவரெல்லாம் வெள்ளையாக அடித்திருந்தது. இந்த நேரத்தில் அவள் இந்தச் சந்தைப் பார்த்தே எவ்வளவோ நாளாகிவிட்டது. வீட்டுச் சுவரின் அடிப்பகுதி, உள்ளறை இருக்கும் பக்கம் மட்டும், இடுப்பளவுக்கு ஈரம் ஏறி நிறம் மாறியிருந்தது. பெயின்ட் உப்பிக்கொண்டு நின்றது. ஜூலை மாதம், ஒரு சொட்டு மழை இல்லை. அவள் கதவைத் திறந்து முன்னறைக்குள் போய், சத்தம் காட்டாமல் காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வெயிலில் வைத்துப் பார்த்தாள்.

முதல் நாள் பஞ்சில் ஒன்றுமே இல்லை. தெளிந்த தண்ணீர் காய்ந்த தடம். கடைசிப் பஞ்சு நீலம். வானத்து நீலம் இல்லை, சாம்பலும் பச்சையும் லேசாகக் கலந்த வெளிர் நீலம். அந்த நீலத்தை இந்தப் பக்கத்தில் யாருக்கும் பேர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டேனரியில் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரை உரித்து, குரோம் உப்பில் போட்டு வெளியே எடுக்கும்போது செத்த தோல் அந்த நிறத்தில்தான் இருக்கும். வெட் ப்ளூ என்பார்கள். நடுவில் இருக்கும் அறுபத்தோரு நாள் பஞ்சுகளையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்த இரண்டு பஞ்சுக்கு நடுவிலும் வித்தியாசம் தெரியவில்லை. எந்த நாளில் மாறியது என்று சொல்லவே முடியவில்லை.

டாக்டருக்குப் போன் பண்ணினாள்.

"நீலமா? மருந்து ஏதாவது போட்டீங்களா?"

"இல்லைங்க சார். வெட் ப்ளூ மாதிரி."

"எந்த நாய்க்கும் அப்படி வராதும்மா. டேனரித் தண்ணி எதுனா பக்கத்துல ஓடுதா? வீட்ல யாராவது டேனரிக்குப் போய் வர்றாங்களா?"

"எங்க வீட்டுக்காரர் போயிட்டிருந்தாரு. இப்ப நாலு மாசமா வீட்டை விட்டு வெளியவே போகல."

"அப்ப அது எங்கேர்ந்து வருது?"

அவள் சுவரில் ஏறியிருந்த ஈரத்தைப் பார்த்தாள்.

"முதல்ல நாயை அந்த இடத்தை விட்டு மாத்துங்க. அந்த வீட்டாண்டயே வேண்டாம். இப்ப மாத்தினா கண்ணு பிழைச்சுக்கும்."

சீசர் எழுந்து நின்றிருந்தது. வெயிலில் அதன் கண்ணைப் பார்த்தாள். இரண்டு கண்ணோரத்திலிருந்தும் வாய் வரைக்கும் நீலமாக ஒரு கோடு இறங்கி மயிரைத் தின்றிருந்தது. கண்ணைச் சுருக்கி, முன்னங்காலால் தேய்த்து, மறுபடியும் வீட்டையே பார்த்தது. அது இத்தனை நாளும் எதைப் பார்க்கிறது என்று அவள் ஒருதரம்கூட யோசிக்கவில்லையே. கயிற்றை அவிழ்த்தாள். வீட்டின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மோகனா வீட்டுக்குப் போகலாம் என்று நடந்தவள், உள்ளறைச் சுவரோரம் வந்ததும் நின்றுவிட்டாள்.

ஜன்னலுக்கு நேர் கீழே சோறு கொட்டிக் கிடந்தது. மேலே இன்று காலை அவள் வடித்த சோறு, கத்தரிக்காய்க் குழம்போடு. அதற்குக் கீழே நேற்றையது. அதற்குக் கீழே மஞ்சள், பச்சை, கறுப்பு என்று முழங்கால் உயரத்துக்குக் குவியல். ஒரு ஈ இல்லை. ஒரு எறும்பு இல்லை.

மோகனா கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்ததும் கயிற்றை வாங்கிக்கொண்டாள். சீசர் கிறிஸ்டினாவின் முந்தானையைப் பல்லால் கவ்வி இழுத்தது. மெதுவாகப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாய் இங்கயே இருக்கட்டும்டி. கண்ணை ரெண்டு வேளை துடைச்சு விடு. கொதிச்சு ஆறின தண்ணி."

"நீ எங்கக்கா போற? நீயும் இங்கயே இரு. அவரைப் பார்க்க எங்க ஊட்டுக்காரரை அனுப்பறேன்."

"அவரு உள்ள இருக்காரேடி" என்றாள் கிறிஸ்டினா.

வீட்டுக்குள் வந்து முன்னறையில் நின்றாள். எண்பது வருஷப் பழைய ஓட்டு வீடு எப்போதும் ஏதாவது முனகும், பல்லி சொல்லும், ஓட்டில் அணில் ஓடும், இரும்பு பீரோ வெயிலுக்கு டொக்கென்று ஒரு சத்தம் போடும், இன்று எதுவும் இல்லை, சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த அந்தக் கனத்த வாடை மட்டும் உள்ளறைக் கதவின் இடுக்கிலிருந்து மெல்ல மெல்ல வந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. மோகனா சொன்னது சரிதான், ஜாஸ்தியாகத்தான் இருந்தது. கைபேசியில் போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த போட்டோவைத் திறந்தாள். நீலச் சட்டையில் டேனியல், கையில் கேக் தட்டு, காதோரம் நரை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறான். அவளிடம் இருந்த ஒரிஜினல் அது ஒன்றுதான்.

கதவைத் தள்ளினாள்.

அவன் கட்டிலில் இருந்தான். சுவரைப் பார்த்து.

"இன்னாங்க."

"உம்."

"இன்னிக்கு சீக்கிரம் விட்டுட்டாங்க."

"உம்."

ஜன்னலுக்குப் போனாள். சாக்கின் மேல்முனையைப் பிடித்தாள். சாக்கு நனைந்திருந்தது. ஆணி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

ஜன்னல் கதவைத் திறந்தாள். வெயில்.

திரும்பினாள்.

பார்த்தாள்.

வேலை மேஜையில் பார்ப்பது போலத்தான் பார்த்தாள், வேறு விதமாகப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. மேலிருந்து கீழே. இடமிருந்து வலம். முடி இல்லை. முடி இருந்த இடத்தில் நுண்ணிய குழிகள். வரிசை வரிசையாக. காது இருந்தது. நரை இல்லை. கழுத்தில் சுருக்கம். நீலம். தோள் நீலம். முதுகு நீலம், பின்மண்டையிலிருந்து கீழ்வரை நெடுக ஒரு மடிப்பு. ஈரம். அங்கங்கே சொட்டு. போட்டோவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். போட்டோ. அவன். குறை இருக்கும் இடத்தில் வட்டம் போடுவதுதான் அவள் வேலை. எங்கே போடுவது?

"கிறிஸ்டி."

அவன் குரல். அவனுடைய குரலேதான்.

அவன் திரும்பினான்.

முகம் இருந்தது. மூக்கு, உதடு, மோவாயில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. கண் இல்லை. கண் இருந்த இடத்தில் உரித்த தோலில் இருப்பது போல இரண்டு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு சுத்தமாக, மழமழவென்று இருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டுக்குள், ரொம்பத் தள்ளி, ஏதோ நகர்ந்து வெளிச்சத்துக்குப் பயந்து பின்வாங்கியது.

"ஜன்னலைச் சாத்து."

உதடு அசையவில்லை.

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கதவு நாலு எட்டில் இருந்தது. மோகனா வீடு இருந்தது. ஓடினால் ஓடிவிடலாம். ஓடினால் டேனியல் செத்துவிட்டான் என்று ஆகிவிடும். மார்ச் மாதமே, தொட்டிக்குள்ளேயே, மற்ற இரண்டு பேரோடு. பதினோரு நாள் முழங்கால் போட்டது, நாலு மாதம் விடியலுக்கு முன்னால் எழுந்து சோறு வடித்தது, எல்லாம் யாருக்கு என்று ஆகிவிடும். சந்தில் நின்று ஊர் பார்க்க அழ வேண்டும். அதற்கு அவளிடம் தண்ணீர் இல்லை.

ஜன்னலைச் சாத்தினாள்.

சாக்கை எடுத்து மறுபடி மாட்டினாள். ஆணி நிற்கவில்லை. உள்ளங்கையால் அடித்து நிறுத்தினாள்.

இருட்டு பழக்கமானதாக இருந்தது. கட்டிலில் ஒரு முதுகு. டேனியலின் முதுகு என்று சொன்னால் சொல்லலாம். அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கட்டில் பாய் சொதசொதவென்று நனைந்திருந்தது.

"பசிக்குதா?"

"இல்ல."

அவன் சாய்ந்து அவள் மடியில் தலை வைத்தான். கல்யாணமான புதிதில் அப்படிப் படுப்பான். கனமே இல்லை. ஈரம் புடவையைத் தாண்டித் தொடைக்கு வந்தது. சில்லென்றிருந்தது. அவள் கை தானாக அவன் தலையைத் தடவப் போனது. நெற்றி. உச்சி. பின்மண்டை.

பின்மண்டை இல்லை.

வெளிச்சத்தில் பார்த்த அந்த மடிப்பு விரிந்துகிடந்தது, தோல் அங்கே முடிந்தது. விளிம்பு லேசாகச் சுருண்டு, கழுத்து வழியாக முதுகு நெடுக ஒரே திறப்பாகக் கீழே போயிற்று. அவள் விரல்கள் விளிம்பைத் தாண்டி உள்ளே வழுக்கின. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ அவள் சுண்டுவிரலைப் பிடித்தார்கள்.

மெதுவாக. பிறகு மோதிர விரலை. பிறகு நடுவிரலை. ஐந்தையும் பிடித்தார்கள். பிறகு மணிக்கட்டை, இன்னொரு கை. அதற்கு மேலே, இன்னொன்று.

"கிறிஸ்டி" என்றது மடியில் இருந்த முகம். "கிறிஸ்டி" என்றது அதற்குள்ளிருந்து வேறொரு குரல்.

வெளியே மோகனா வாசலில் நின்று அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கிறிஸ்டினா கையை எடுக்கவில்லை. முழங்கை வரை உள்ளே போயிருந்தது.